லேமினேட் தரை: சேலம், ஏற்காடு வாசகர்களின் கேள்விகள்

மரத்தரை போலத் தெரியும் லேமினேட் பலகையைப் பற்றி வந்த கடிதங்களில் சில இங்கே. நீளமானவற்றைச் சுருக்கியிருக்கிறோம்.

எங்கள் படுக்கையறை 10 அடி 4 அங்குல அகலம், 14 அடி நீளம். பழைய மொசைக் தரை, உடைசல் இல்லை. அதன்மேலேயே 8 மி.மீ. லேமினேட் போட்டுவிடலாம் என்கிறார் எங்கள் ஆசாரி. அவருக்கும் இது முதல் தடவை. எத்தனை பெட்டி வாங்குவது, எங்கிருந்து தொடங்குவது?
— வாசகி, அஸ்தம்பட்டி

மொசைக்கைப் பெயர்க்கவே வேண்டாம், அருமையான அடித்தளம் அது. லேமினேட்டைத் தரையில் ஒட்டுவதும் இல்லை, ஆணி அடிப்பதும் இல்லை. பலகைகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, பாய் விரித்த மாதிரி ஃபோம் மேல் கிடக்கும். இந்த ஒரு விஷயம் ஆசாரிக்குப் பிடிபட்டுவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். மரவேலை பழகிய கை இறுக்கிப் பொருத்தவே பார்க்கும். இங்கே நான்கு பக்கமும் இடம் விட்டுத்தான் ஆகவேண்டும்.

முதலில் கணக்கு. பலகை 1215 மி.மீ. நீளம், 195 மி.மீ. அகலம், பெட்டிக்கு 8 பலகை என்று வைத்துக்கொள்வோம். பிராண்டுக்கு பிராண்டு அளவு மாறும், பெட்டி மேலேயே போட்டிருக்கும். இந்த அளவில் ஒரு பெட்டி 20.4 சதுர அடி வரும். உங்கள் அறை 145 சதுர அடி. வெட்டுச் சேதாரத்துக்கு 10 சதவீதம் சேர்த்தால் 159. ஆக 8 பெட்டி, அதாவது 64 பலகை. வேலைக்கு 60 போகும். மிச்சம் நான்கைக் கட்டிலுக்கு அடியில் படுக்கவைத்துவிடுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு பலகை கெட்டால் அதே நிறம் கடையில் கிடைக்கும் என்று சொல்லமுடியாது. ஃபோம் 2 அல்லது 3 மி.மீ. கனத்தில் 145 சதுர அடி வேண்டும். 200 மைக்ரான் பாலிதீன் ஷீட்டை ஒன்றின்மேல் ஒன்று ஏற்றிப் போடவேண்டியிருப்பதால் 170 சதுர அடி வாங்குங்கள். ஸ்கர்ட்டிங் (சுவரடியில் ஓரத்தை மறைக்கும் பட்டை) கதவு போக 46 அடி ஆகும். 8 அடிக் கட்டை ஆறு போதும்.

பெட்டிகளைப் பிரிக்காமல், அதே அறையில், சுவரில் சாய்க்காமல் தரையில் படுக்கவைத்து 48 மணி நேரம் விடுங்கள். கடை குடோனின் காற்று வேறு, உங்கள் அறையின் காற்று வேறு. பலகையின் உள்பகுதி மரத்தூள் நாரை அழுத்திச் செய்த எச்.டி.எஃப்.; காற்றில் உள்ள ஈரத்துக்கு ஏற்ப நீளும், சுருங்கும். அந்த மாற்றம் கோக்கும் முன்பே நடந்து முடியட்டும்.

அதற்குள் தரையைப் பாருங்கள். 2 மீட்டர் நேர்க்கம்பியைப் பல திசையில் வைத்து, அடியில் இடைவெளி 3 மி.மீ.க்கு மேல் போகிறதா என்று பாருங்கள். மேட்டைத் தேய்க்கவேண்டும், பள்ளத்துக்கு, தானே பரவிச் சமமாகும் செல்ஃப் லெவலிங் காம்பவுண்டு ஊற்றவேண்டும். பழைய வீடுகளில் கழுவிவிட்ட தண்ணீர் ஓடுவதற்காகத் தரையை ஒரு மூலைக்குச் சரித்திருப்பார்கள். அந்தச் சரிவால் கெடுதல் இல்லை. ரசமட்டத்தை வைத்துப் பார்த்து, அறை முழுக்கக் காரை ஏற்றிச் சமன் செய்யவேண்டும் என்று யாராவது சொன்னால் காசு வீண். சரிவு இருக்கலாம், அலை இருக்கக்கூடாது.

இனி அகலக் கணக்கு. பலர் கோட்டை விடும் இடம் இதுதான். உங்கள் அகலம் 3150 மி.மீ. இரு பக்கமும் 10 மி.மீ. விட்டால் 3130. அதில் 195 மி.மீ. பலகை 16 முழுதாகப் போகும், மீதி நிற்பது 10 மி.மீ.! விரல் அகலம்கூட இல்லாத அந்தத் துண்டைக் கோக்கவும் முடியாது, அது நிற்கவும் நிற்காது. கடைசி வரிசை 50 மி.மீ.க்குக் குறையக்கூடாது. அதனால் ஒரு முழு வரிசையைக் குறைத்து, மிஞ்சும் 205 மி.மீ.யை இரண்டாகப் பிரியுங்கள். முதல் வரிசையும் கடைசி வரிசையும் சுமார் 102 மி.மீ., நடுவில் 15 முழு வரிசை. இரண்டு ஓரமும் ஒரே அகலத்தில் இருப்பதால் பார்வைக்கும் நன்றாக இருக்கும்.

பாலிதீனை 20 செ.மீ. ஏற்றிப்போட்டு டேப் ஒட்டுங்கள். சுவரில் 5 செ.மீ. ஏறட்டும். அதன்மேல் ஃபோம், ஏற்றாமல், ஓரத்தோடு ஓரம் முட்டினாற்போல. மெத்தென்று இருக்கும் என்று ஃபோமை இரண்டு அடுக்காகப் போடாதீர்கள். மிதிக்கும்போது பலகை கீழே அமுங்கி, பலகைகள் கோத்துக்கொள்ளும் பூட்டு முறிந்துவிடும்.

முதல் வரிசையை 14 அடிச் சுவரோரம், நாக்குப் பக்கம் (ஓரத்தில் நீட்டிக்கொண்டிருக்கும் விளிம்பு) சுவரைப் பார்க்க, அந்த நாக்கைச் சீவிவிட்டு வையுங்கள். நாக்கு நுழையும் பள்ளமான காடி உங்களைப் பார்த்து இருக்கவேண்டும். பெரும்பாலான பூட்டுகளுக்கு இதுதான் முறை. சில பிராண்டில் தலைகீழ், எனவே பெட்டிக்குள் இருக்கும் படத்தை ஒரு தடவை பார்த்துவிடுங்கள். சுவருக்கும் பலகைக்கும் நடுவே 10 மி.மீ. ஆப்பு செருகுங்கள். சுவரை நம்பாமல் நூல் கட்டி நேர் பார்க்கவேண்டும். நீளத்தில் மூன்று முழுப் பலகையும் 602 மி.மீ. துண்டும் போகும். வெட்டியதில் மிஞ்சும் 61 செ.மீ. துண்டிலிருந்து இரண்டாம் வரிசையைத் தொடங்குங்கள்; இணைப்புகள் தாமாகவே அரைப் பலகை தள்ளி விழும். எந்த அறையானாலும் இந்தத் தள்ளல் 30 செ.மீ.க்குக் குறையக்கூடாது.

பலகையை 20, 30 டிகிரி சாய்த்து, நாக்கைக் காடியில் வைத்து இறக்கினால் ‘டிக்’ என்று உட்காரும். உட்காரவில்லையென்றால் அடிக்காதீர்கள், காடிக்குள் தூள் இருக்கும், ஊதிவிட்டு மறுபடி வையுங்கள். தட்டித்தான் ஆகவேண்டும் என்றால் நடுவில் கட்டை வைத்துத் தட்டவேண்டும். சுத்தியல் நேரே பட்டால் ஓரத்தில் மேல்தாள் பெயர்ந்து வெள்ளைக் கோடு தெரியும், அதற்கு மருந்து கிடையாது. ஜிக்ஸாவில் அறுக்கும்போது டிசைன் பக்கம் கீழே இருக்கட்டும், ஏனென்றால் அதன் பல் மேல்நோக்கி இழுக்கும். கைரம்பம் என்றால் டிசைன் மேலே.

கதவு: பலகை 8, ஃபோம் 2, மொத்தம் 10 மி.மீ. தரை உயரும். கதவின் அடியை முன்கூட்டியே இழைத்துவிடுங்கள். நிலைக்காலின் அடியை, ஒரு துண்டுப் பலகையும் ஃபோமும் வைத்து அதன்மேல் ரம்பத்தைப் படுக்கவைத்து அறுத்து, பலகையை உள்ளே நுழைக்கலாம். தேக்கு நிலையை அறுக்க மனசு வராதவர்கள் 10 மி.மீ. விட்டு அதே நிற சிலிகான் போடலாம். வாசப்படி இருந்தால் அதற்கு முன்னாலேயே, பலகையின் ஓரத்தை மூடும் பட்டையான எண்ட் ப்ரொஃபைலோடு நிறுத்துங்கள். கடைசியாக ஸ்கர்ட்டிங். ஆணி சுவரில் இறங்கவேண்டும், பலகையில் அல்ல.

கடையில் ஏசி 3, ஏசி 4 என்கிறார்கள். ஏசி போடும் அறைக்குத் தனிப் பலகையா?
— வாசகர், செவ்வாய்ப்பேட்டை

குளிர்சாதனத்துக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. இந்த ஏசி, மேல்பரப்பு எவ்வளவு தேய்மானம் தாங்கும் என்று சொல்லும் ‘அப்ரேஷன் கிளாஸ்’. படுக்கையறைக்கு ஏசி 3 தாராளம். கூடத்துக்கும், சக்கர நாற்காலி உருளும் அலுவலக அறைக்கும் ஏசி 4 வாங்குங்கள். எண் கூடினால் தண்ணீர் தாங்கும் என்று நினைத்துவிடாதீர்கள். அது வேறு கணக்கு.

அம்மாப்பேட்டையில் எங்கள் வீட்டு முன்னறையில் குழித்தறி இருந்தது. தறியை எடுத்து, குழியை மூடி, மேலே சிமெண்ட் பூசி ஐந்து மாதம் ஆகிறது. அந்த அறைக்கு லேமினேட் போடலாம் என்று பிள்ளைகள் சொல்கிறார்கள். தரை காய்ந்துதான் இருக்கிறது.
— வாசகர், அம்மாப்பேட்டை

மேலே காய்ந்திருப்பதை வைத்து முடிவு செய்யாதீர்கள் ஐயா. குழியில் என்ன போட்டு மூடினார்கள் என்பதுதான் முக்கியம். இடுப்பளவு ஆழத்தில் செங்கல் உடைசலையும் மண்ணையும் ஒரே தடவையில் கொட்டி, மேலே ஒரு அங்குலம் காரை பூசியிருந்தால், இரண்டு கோளாறு வரும். மண் வருடக்கணக்கில் அமுங்கிக்கொண்டே போய், காரைக்கு அடியில் பொந்து விழும். அடுத்து, அந்த மண் மழைக்காலத்தில் நிலத்து ஈரத்தை உறிஞ்சி மேலே அனுப்பும். சிமெண்ட் தரையில் அந்த ஓதம் ஆவியாகிப் போய்விடுவதால் உங்கள் கண்ணுக்குத் தெரியாது. மேலே பலகை போட்டு மூடினால் போக வழியில்லாமல் பலகைக்குள் ஏறும். ஆறு மாதத்தில், குழி இருந்த அளவுக்குச் சதுரமாக, இணைப்புகள் மட்டும் வரப்பு மாதிரி எழும்பி நிற்கும்.

இரண்டு சோதனை செய்யுங்கள். ஒரு ரூபாய் நாணயத்தால் குழி இருந்த இடத்தையும் பக்கத்துத் தரையையும் தட்டிப் பாருங்கள். சத்தம் ‘டொக் டொக்’ என்று மாறினால் அடியில் காலி. பிறகு ஒன்றரை அடிச் சதுர பாலிதீனை அதே இடத்தில் நான்கு ஓரமும் டேப் போட்டு ஒட்டி, ஒரு நாள் முழுக்க விடுங்கள். பிரிக்கும்போது உள்பக்கம் முத்து முத்தாக நீர் கோத்திருந்தாலோ, அடியில் சிமெண்ட் நிறம் கறுத்திருந்தாலோ இப்போதைக்கு லேமினேட் வேண்டாம். இந்தச் சோதனையை ஐப்பசி, கார்த்திகையில் செய்தால்தான் உண்மை தெரியும். சித்திரையில் செய்தால் எல்லாத் தரையும் பாஸ்தான்.

பொந்து இருந்தால் காரையை உடைத்து, மண்ணை வெளியே எடுத்து, ஆறு அங்குலம் ஆறு அங்குலமாக நிரப்பி, நனைத்து, திமிசு போட்டுக் கெட்டிக்கவேண்டும். அதன்மேல் பாலிதீன் விரித்து, 4 அங்குல கான்கிரீட், பிறகு பூச்சு. பாலிதீன் கான்கிரீட்டுக்கு அடியில் போகவேண்டும் என்பதைக் கொத்தனாரிடம் நின்று சொல்லுங்கள், மறந்துவிடுவார். புதுக் கான்கிரீட் அங்குலத்துக்கு ஒரு மாதம் என்ற கணக்கில் காயும். அதுவரை பிள்ளைகளைக் காத்திருக்கச் சொல்லுங்கள். பலகை போடும் அன்று அதன்மேல் இன்னொரு பாலிதீன் உண்டு.

ஏப்ரலில் கூடத்துக்கு லேமினேட் போட்டோம். அக்டோபர் மழையில் நடுக்கூடத்தில் பலகை கூடாரம் மாதிரி எழும்பிவிட்டது. மிதித்தால் இறங்குகிறது, காலை எடுத்தால் ஏறுகிறது. போட்டவர் பலகை சரியில்லை என்கிறார். கடைக்காரர் நீங்கள் ஈரமாகத் துடைத்தீர்கள் என்கிறார்.
— வாசகி, ஃபேர்லேண்ட்ஸ்

இருவர் சொல்வதையும் ஓரமாக வையுங்கள். தண்ணீர் இறங்கியிருந்தால் இணைப்பு ஓரங்கள் தடித்து வரப்பு கட்டியிருக்கும். பலகை தட்டையாகவே இருந்து மொத்தமாக எழும்பினால், அது எங்கோ முட்டுகிறது.

சேலம் வெயிலில் ஏப்ரல், மே மாதம் பலகை வறண்டு, வருடத்திலேயே மிகச் சிறிய அளவில் இருக்கும். அப்போது நெருக்கி வைத்துவிட்டால் ஐப்பசி ஈரத்தில் பெருக்க இடம் ஏது? கோடையில் போடுகிறவர்கள்தான் ஓரத்தில் தாராளமாக விடவேண்டும். அகலத்தில் மீட்டருக்கு ஒன்றரை மி.மீ. என்பது ஒரு நல்ல கணக்கு. சின்ன அறையானாலும் 8 மி.மீ.க்குக் குறையக்கூடாது.

ஸ்கர்ட்டிங்கைக் கழற்றி சுவரோரம் சுற்றிப் பாருங்கள். பலகை சுவரைத் தொடும் இடம் ஒன்றாவது கிடைக்கும். கிடைக்கவில்லையென்றால் நிலைக்கால், தூண், ஜன்னலடி மேடை இவற்றின் மூலையைப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் மேலே எதையாவது ஆணியடித்து நிறுத்தியிருக்கிறார்களா? சுவரில் திருகிய டி.வி. யூனிட்டின் கால், கதவுத் தடுப்புக் குமிழ், ப்ரொஃபைலின் திருகு பலகையோடு சேர்ந்து இறங்கியது, இப்படி ஒரே ஒரு இடத்தில் பிடித்தாலும் போதும், மறுபக்கம் எழும்பும். கூடம் 8, 10 மீட்டர் நீளம் தாண்டி நடுவில் டி-ப்ரொஃபைல் (இரண்டு பகுதிக்கும் இடையே விட்ட இடைவெளியை மூடும் பட்டை) இல்லாமல் ஒரே ஓட்டமாகப் போட்டிருந்தாலும் இதே கதிதான்.

முட்டும் ஓரத்தை மல்ட்டி-டூல் என்ற சிறு மின்கருவியால் 10 மி.மீ. சீவினால், எழும்பியது ஒரு வாரத்துக்குள் தானாக இறங்கும். பலகை மாற்றத் தேவைப்படாது. ஆனால் கூடாரத்தின் மேல் நடமாடிக்கொண்டே இருந்தால் பூட்டு முறியும். இறங்கும்வரை அந்த இடத்தில் நாற்காலி போட்டு மறித்து வையுங்கள்.

ஏற்காட்டில் ஒரு சிறு வீடு. மாதம் ஒருமுறை போவோம், மற்ற நாள் பூட்டியிருக்கும். டைல்ஸ் குளிர்ச்சி காலில் ஏறுகிறது. லேமினேட் போட்டால் இதமாக இருக்குமே?
— வாசகர், அழகாபுரம்

கால் இதமாக இருக்கும், உண்மை. ஆனால் பூட்டிக்கிடக்கும் மலை வீட்டுக்கு லேமினேட்டை நாங்கள் சிபாரிசு செய்யமாட்டோம். பனிமூட்டம் வீட்டுக்குள் வந்து, ஜன்னல் திறக்க ஆளில்லாமல், பீரோவில் துணி பூஞ்சை பிடிக்கும் வீடாக இருந்தால், அதே ஈரத்தை எச்.டி.எஃப்.பும் குடிக்கும்.

தரைக்கு அடியில் வரும் ஓதத்தைப் பாலிதீன் தடுக்கும். மலைச்சரிவை வெட்டிக் கட்டிய வீட்டில் சிக்கல் வேறு மாதிரி. பின்சுவர் பாதி உயரத்துக்கு மண்ணில் ஒட்டி நிற்கும். மழைத்தண்ணீர் பக்கவாட்டில் சுவர் வழியாக உள்ளே கசிந்து, சுவரும் தரையும் சேரும் மூலையில் வெளிப்படும். பாலிதீனுக்கு மேலே வரும் தண்ணீர் அது. பின்சுவரில் அடியிலிருந்து ஒரு அடி உயரத்துக்குப் பெயிண்ட் உரிந்து வெள்ளை உப்பு பூத்திருந்தால் இதுதான் நடக்கிறது என்று அர்த்தம். முதலில் சுவருக்குப் பின்னால், தரை மட்டத்துக்குக் கீழே வாய்க்கால் எடுத்து ஜல்லி போட்டுத் தண்ணீரைத் திருப்புங்கள். அது முடியாமல் எந்தத் தரையும் நிற்காது.

அதற்குப் பிறகு எஸ்.பி.சி. பலகை போடுங்கள். கல்தூளும் பிளாஸ்டிக்கும் சேர்ந்தது, 5, 6 மி.மீ. கனத்தில் வரும், அதே மாதிரி கோத்துப் போடுவதுதான். தண்ணீரில் ஊறாது. டைல்ஸ் அளவுக்குச் சில்லிடாது, ஆனால் லேமினேட் தரும் கதகதப்பு இருக்காது. கட்டில் பக்கம் ஒரு ஜமுக்காளம் விரித்துக்கொள்ளுங்கள். இதிலும் ஓர இடைவெளி கட்டாயம். லேமினேட் ஈரத்தில் பெருக்கும், எஸ்.பி.சி. வெயிலில் பெருக்கும். பள்ளத்தாக்கைப் பார்த்துப் பெரிய கண்ணாடி வைத்திருந்தால் திரையும் போடுங்கள்.

மாடி அறைக்கு மட்டுமாவது லேமினேட் வேண்டும் என்றால், வாரம் ஒருமுறை ஜன்னல் திறந்துவிட ஆள் இருக்கட்டும். பெட்டிகளைத் திறந்த வண்டியில் மூட்டத்தில் ஏற்றாதீர்கள். 20 கொண்டை ஊசி வளைவு ஏறி வருவதற்குள் அட்டை நமத்துவிடும். கீழே 48 மணி நேரம் என்றால் அங்கே 72 மணி நேரம் வைத்திருங்கள்.

பூஜை அறையில் போடலாமா? கரையான் வருமா?
— வாசகி, சூரமங்கலம்

எண்ணெய் சிந்தினால் துடைத்துவிடலாம். கற்பூரத் துண்டோ ஊதுபத்தி நெருப்போ விழுந்தால் கறுப்பு வடு நிரந்தரம், லேமினேட்டை இழைத்துப் பாலிஷ் போடமுடியாது. விளக்கடியில் கடப்பா கல் துண்டு வைத்தால் சரி. சமையலறை, குளியலறை வாசல் பக்கம் வேண்டாம்.

கரையான் வரும். பிசின் சேர்ந்திருந்தாலும் உள்ளே இருப்பது மரம்தானே. நிலையிலோ சுவரிலோ மண்கோடு தெரிந்தால், பலகை போடுவதற்கு முன் சுவரும் தரையும் சேரும் ஓரத்தில் சுமார் ஒரு அடிக்கு ஒரு துளை போட்டு மருந்து இறக்கச் சொல்லுங்கள். நன்றாகக் காய்ந்தபிறகு பாலிதீன். பலகை போட்டபின் இதைச் செய்யவேண்டுமானால் பாதித் தரையைக் கழற்றவேண்டிவரும்.

ஆடிக்கும் பொங்கலுக்கும் வீட்டைக் கழுவாமல் இருக்க மாமியார் சம்மதிக்க மாட்டார். என்ன செய்வது?
— வாசகி, கன்னங்குறிச்சி

மாமியார் பக்கம்தான் நியாயம். கழுவும் வீட்டுக்கு டைல்ஸ் போடுங்கள். ஒரே ஓர் அறையில் மட்டும் ஆசைக்கு லேமினேட் என்றால், அந்த அறை வாசலில் எண்ட் ப்ரொஃபைலுக்கு அடியில் சிலிகான் கோடு இழுத்து, கூடத்தில் கழுவும் தண்ணீர் உள்ளே வராமல் தடுக்கவேண்டும். அந்த அறையைத் துடைக்கும் துணி, முறுக்கினால் ஒரு சொட்டும் விழாத அளவுக்குப் பிழிந்திருக்கவேண்டும்.

வாஷிங் மெஷின் குழாய் கழன்று, பக்கத்து அறையில் ஐந்தாறு பலகை ஓரம் தடித்துவிட்டது. வெயிலில் காயவைத்தால் சரியாகுமா?
— வாசகர், கொண்டலாம்பட்டி

ஆகாது. ஊறிய எச்.டி.எஃப். காய்ந்தாலும் பழைய கனத்துக்கு இறங்குவதில்லை. கெட்ட இடத்துக்கு எந்தச் சுவர் கிட்டே இருக்கிறதோ, அந்தப் பக்கத்து ஸ்கர்ட்டிங்கை எடுத்து வரிசை வரிசையாகக் கழற்றுங்கள். ஒவ்வொரு பலகைக்கும் பின்புறம் பென்சிலில் ‘வரிசை 1, பலகை 2’ என்று எழுதிக்கொண்டே வாருங்கள். வரிசை மாறினால் மறுபடி பொருந்தாது. தடித்தவற்றோடு நிறுத்தாமல் இன்னும் இரண்டு வரிசை தாண்டி ஃபோமைத் தூக்கிப் பாருங்கள். தண்ணீர் பாலிதீன் மேல் தேங்கி நாலடி தள்ளிக்கூடப் போயிருக்கும். துடைத்து, ஃபேன் போட்டு இரண்டு மூன்று நாள் திறந்தே விட்டு, நனைந்த ஃபோமை மாற்றி, நல்ல பலகைகளை எண் பார்த்துத் திரும்பக் கோத்துவிடுங்கள். கெட்ட பலகைகளுக்குப் பதில் மிச்சம் வைத்த பலகை இல்லையென்றால், பீரோவுக்கு அடியில் இருக்கும் வரிசையிலிருந்து எடுத்து முன்னால் போட்டு, வேறு நிறத்தை பீரோவுக்கு அடியில் தள்ளிவிடலாம். பூட்டு பொருந்தவேண்டும் என்பதால் அதே பிராண்டில், அதே கனத்தில் தேடுங்கள்.